வெளுத்துப்போன பவளம் பிழைக்குமா?

கடல்நீர் மீன்தொட்டியில் புது எல்இடி விளக்கு மாட்டிய ஒரே வாரத்தில் பவளம் வெள்ளையாகிவிட்டது, எடுத்து எறிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள். வெளுத்தது வேறு, செத்தது வேறு.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. வெளிச்சமோ சூடோ திடீரென்று கூடினால் அந்தப் பாசிகளை இழந்துவிடும். கண்ணாடி போன்ற சதைக்குள் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். உற்றுப் பாருங்கள்: சதை இருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் எலும்பில் பச்சைப்பாசி படர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது.

சரி, முதலில் விளக்கின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது பவளத்தைக் கீழே நிழலான இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றியபின் அதைத் தொடவே வேண்டாம். வெப்பநிலை 25-26 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட தொட்டி நீரின் அடர்த்தி) 1.025 என நிலையாக இருக்கட்டும். நீரில் நைட்ரேட் என்ற சத்து பூஜ்ஜியமாக இருப்பதும் கெடுதல்தான்.

அப்புறம், பாசியை இழந்த பவளம் இப்போது பட்டினியில் இருக்கிறது. இரவில் உணர்கொம்புகள் நீளும்போது ஆர்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் இறாலைக் கொஞ்சமாகக் கொடுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். நிறம் திரும்பச் சில வாரங்கள், சமயத்தில் பல மாதங்கள்கூட ஆகும். லேசான பழுப்பு தென்பட்டால் பாசி திரும்புகிறது என்று அர்த்தம். அதன்பிறகே வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.