மூட்டுக்குச் சத்து மாத்திரை: அம்மாவுக்கு எது வேண்டும், எதை இன்றே நிறுத்தலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, எடை 74 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஒரு மாத்திரையை இரண்டு மாதமாகக் காலையும் இரவும் போடுகிறார். அட்டையின் பின்னால் கிளுகோசமைன் 750 மி.கி., டயாசெரின் 50 மி.கி., எம்.எஸ்.எம். (கந்தகம் உள்ள ஒரு சேர்மம்) என்று இருக்கிறது. வலி அப்படியேதான் இருக்கிறது, வயிறு மட்டும் அடிக்கடி போகிறது. தம்பி வெளிநாட்டிலிருந்து கொலாஜன் பவுடர் அனுப்புகிறேன் என்கிறான். வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப்பும், கிடைக்கும்போது கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பும் உண்டு. எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரம் ரூபாய் ஆகிறது. எதைத் தொடர்வது? (வாசகி, நாமக்கல்)

பதில்: முதலில் அந்த வயிற்றுப்போக்கைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது அதுதான்.

அட்டையில் உள்ள டயாசெரின் சத்துப்பொருளே அல்ல, மருந்து. கிளுகோசமைனோடு சேர்த்து ஒரே மாத்திரையாக நம் ஊரில் நிறைய விற்கிறார்கள். அதனால் பார்ப்பவர்களுக்கு எல்லாமே 'சத்து மாத்திரை'யாகத் தெரிகிறது. டயாசெரினின் பொதுவான பக்கவிளைவே வயிறு இளகிப் போவதுதான். சிறுநீரும் அடர்மஞ்சளாக மாறும். கடுமையான வயிற்றுப்போக்கு வருகிறது என்பதால் 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றும், மற்றவர்களுக்கு ஆரம்பத்தில் பாதி அளவுதான், வயிறு போனால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. அம்மாவுக்கு அந்த வயது நெருங்குகிறது. அவர் சாப்பிடும் மெட்ஃபார்மினும் வயிற்றை இளக்கக்கூடியதுதான். வயிறு போய்ப் போய் உடம்பில் நீர் வற்றினால், மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகப் பக்கம் சிக்கல் வரலாம். டாக்டர் எழுதித்தராமல் கடையில் வாங்கிய மாத்திரை என்பதால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு வாரத்தில் வயிறு சரியாகவில்லை என்றால் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது கிளுகோசமைன். குருத்தெலும்பில் இருக்கும் ஒரு மூலப்பொருள்தான் இது. அதையே வாய்வழியாகக் கொடுத்தால் தேய்ந்த இடம் சரியாகும் என்ற எண்ணத்தில்தான் இந்த வியாபாரம் வளர்ந்தது. பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சைவம் சாப்பிடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை செய்கிறதா என்று அமெரிக்காவில் 1583 முழங்கால் வலிக்காரர்களை வைத்து 24 வாரம் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். கிளுகோசமைன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு வலி குறைந்தது. குருத்தெலும்பில் இருக்கும் இன்னொரு பொருளான கான்ட்ராய்ட்டின் சாப்பிட்டவர்களில் 65 பேர், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 67 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 பேருக்கு வலி குறைந்திருந்தது! ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்த செலிகாக்சிப் என்ற வலிமருந்து மட்டும்தான் வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தியது.

வெற்று மாத்திரைக்கு எப்படி 60 பேர்? தேய்மான வலி ஒரே மாதிரி இருக்காது, ஏறி இறங்கும். மாடிப்படி ஏறவே முடியவில்லை என்ற நிலையில்தான் நாம் கடைக்குப் போகிறோம். அந்த உச்சத்திலிருந்து வலி எப்படியும் கொஞ்சம் இறங்கும், பெயர் மாத்திரைக்குப் போய்விடும். 'எனக்குக் கேட்டது' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது பொய்யில்லை. அவருக்கு வலி குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் அந்த மாத்திரைதானா என்பதுதான் கேள்வி.

அந்த ஆய்விலேயே மிதமான முதல் கடுமையான வலி உள்ள ஒரு சிறு பிரிவினருக்குக் கிளுகோசமைனையும் கான்ட்ராய்ட்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. மருந்துத் தரத்தில் தயாரித்த கிளுகோசமைன் சல்பேட்டை மட்டும் தினம் 1500 மி.கி. கொடுக்கலாம் என்று ஐரோப்பிய நிபுணர்களில் ஒரு தரப்பு இன்றும் சொல்கிறது. அமெரிக்க வாதநோய் நிபுணர்களின் அமைப்பு 2019-இல் முழங்காலுக்குக் கிளுகோசமைன், கான்ட்ராய்ட்டின் இரண்டுமே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது. நான் இரண்டாவது பக்கம். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால் டயாசெரின் கலக்காத கிளுகோசமைன் சல்பேட்டை மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். தொடங்கும் நாளில் படி ஏறும்போது வலி பத்துக்கு எவ்வளவு என்று காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே எண் என்றால் நிறுத்திவிடலாம். ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தக் கசிவு ஆபத்து கூடும்.

கொலாஜன் பவுடரால் பெரிய கெடுதல் இல்லை. அது வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு புரதத் துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேர்கிறது. முழங்காலைத் தேடிப் போய் உட்காரும் என்பது விளம்பரம். வலி ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறியவை, விற்கும் நிறுவனங்களே செலவு செய்து நடத்தியவை. மாடு, பன்றி, மீன் எதிலிருந்து எடுத்தது என்று டப்பாவில் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், தம்பி அந்தக் காசை அம்மாவின் முட்டைக்கும் மீனுக்கும் அனுப்பட்டும்.

ஆட்டுக்கால் சூப்பிலும் இதே கொலாஜன்தான். ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அதுதான். தாராளமாகக் குடிக்கட்டும், ஆனால் ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே வெள்ளையாகப் படியும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது தேவையில்லை. முடவாட்டுக்கால் கிழங்கு ஒரு பெரணிச் செடியின் தண்டு. பார்க்க ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருப்பதால் காலுக்கு நல்லது என்ற நம்பிக்கை வலுவாகிவிட்டது. மிளகும் சீரகமும் போட்டுக் குடிக்க நன்றாக இருக்கும். உணவாகச் சாப்பிடலாம், தேய்மானத்தைச் சரிசெய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி உண்மையில் குறைவது எது என்று பார்ப்போம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். அம்மாவுக்குக் குறைந்தது 74 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள்: காலையில் மூன்று இட்லி, சட்னி, மதியம் சாதம், சாம்பார், பொரியல், கொஞ்சம் மோர், மாலையில் டீ, ராத்திரி இரண்டு தோசை. எல்லாம் சேர்த்தாலும் 35 கிராமைத் தாண்டுவது கஷ்டம். தொடைத் தசை இளைத்துப்போக இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். முழங்காலைத் தாங்குவதே அந்தத் தொடைத் தசைதான். அது மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டில் விழும்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நூறு கிராம் மீனில் 20. காய்ந்த மீல் மேக்கர் 25 கிராமில் 12-க்கு மேல், ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7 அல்லது 8. காலையில் இரண்டு முட்டை, மாலையில் டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், மதியம் மீனோ மீல் மேக்கரோ என்று வைத்தாலே இடைவெளியில் பெரும்பகுதி நிரம்பிவிடும். இட்லி ஒன்று குறைந்தால் சர்க்கரைக்கும் நல்லது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

சோதனைச் சாலையில் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. வைட்டமின் டி, பி12. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். பாத எரிச்சலும் மரத்துப்போவதும் இதனால் இருக்கலாம், அதற்கு மூட்டு மாத்திரை எதுவும் செய்யாது. டி குறைந்திருந்தால் 60,000 யூனிட் பாக்கெட் எழுதுவார்கள், பாலில் கலந்து குடிப்பது. வழக்கமாக அது வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு குடித்துவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் வருபவர்கள் இருக்கிறார்கள். வாந்தி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் வரும். சர்க்கரைக்காரர்கள் வீட்டில் தாகத்தைப் பார்த்துச் சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். பாக்கெட்டைக் கிழிக்கும் கிழமையைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். டி குறையாதவர்களுக்கு இதனால் மூட்டு வலி குறைவதில்லை.

வலி முழங்காலில் மட்டும்தானா, இரண்டு தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்து வலிக்கிறதா என்றும் அம்மாவைக் கேளுங்கள். தசையெல்லாம் வலித்தால் அடோர்வாஸ்டாட்டினாலும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்.

யாராவது மஞ்சள் கேப்சூல் சொன்னால், குழம்பில் போடும் மஞ்சளும் அதுவும் ஒன்றல்ல. மிளகுச்சாறு சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த குர்க்குமின் (மஞ்சளில் உள்ள முக்கியப் பொருள்) கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவு செய்திருக்கிறார்கள். கூரியரில் வரும் பெயரில்லாப் பொடிகள் அதைவிட மோசம். 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுச் சத்து மாத்திரையில், டப்பாவில் எழுதாமலே டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததாக 2022-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, ஆனால் முகம் உப்புகிறது, சர்க்கரை தாறுமாறாக ஏறுகிறது என்றால் ஸ்டீராய்டைச் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

சாப்பிடும் புரதம் தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டட்டும். தொடை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். இரண்டு வாரம் பழகியதும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இதோடு எடை ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் இருபது கிலோ அளவுக்குக் குறையும். வலி அதிகமான நாளில் டைக்ளோஃபினாக் ஜெல்லை மேலே தடவலாம், வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை அளவுக்குப் படுத்தாது.

முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.