பரு மேல் வைக்கும் மருந்து: எதை வாங்கலாம், எப்படி வைக்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முகப்பருவைப் பற்றியவை. அதிலும் 'ஸ்பாட் ட்ரீட்மென்ட்' என்ற பெயரில் விற்கும் சின்ன டியூப்களைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு எண்ணெய் வழியும் முகம். மாதத்தில் நாலைந்து பரு கட்டாயம் வந்துவிடும். பரு மேல் தொட்டு வைக்கிற ஜெல் வாங்கப் போனால் 2.5%, 5%, 10% என்று மூன்று இருக்கின்றன. சாலிசிலிக் அமிலம் என்று இன்னொன்றும் இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் பரு சீக்கிரம் அமுங்குமா? எதை வாங்குவது?

பதில்: எண்ணைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியில் பருவைப் பாருங்கள். சிவந்து வீங்கி, தொட்டால் வலிக்கிறதா, நுனியில் சீழ் தெரிகிறதா? இல்லை, சிவப்பே இல்லாமல் கரும்புள்ளியாகவோ தோலுக்கடியில் வெள்ளை மணல் போலவோ இருக்கிறதா? முதல் வகைக்குப் பொருந்தும் மருந்து வேறு, இரண்டாவதற்குப் பொருந்துவது வேறு.

சிவந்து சீழ் வைத்த பருவுக்கு நான் முதலில் சொல்வது பென்சாயில் பெராக்சைடு. தோலின் நுண்துளை எண்ணெயாலும் உதிர்ந்த செல்களாலும் அடைபட்டால், காற்றுப் புகாத அந்த இடம் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்கு வசதியாகிவிடுகிறது. பென்சாயில் பெராக்சைடு அங்கே ஆக்சிஜனை விடுவித்து அதைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பழகிப்போவதைப் போல இதற்கு அந்த பாக்டீரியா பழகுவதில்லை. கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும், கூடவே இதையும் சேர்த்துக் கொடுப்பதும் அதனால்தான்.

நீங்கள் பார்த்த 2.5, 5, 10 என்ற எண்கள் இந்த மருந்தினுடையவை. 1980களிலேயே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5% ஜெல் மற்ற இரண்டுக்கும் சமமாகவே வேலை செய்தது. தோல் உரிவதும் எரிவதும் 10%-ஐ விட இதில் குறைவு. அதனால் எண் ஏற ஏறப் பலன் ஏறுவதில்லை, தொல்லைதான் ஏறும். முகத்துக்கு 2.5% வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 5%.

எரிச்சலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாநிறமும் கறுப்புமான தோலில் எந்த அழற்சியும் சுலபத்தில் கரும் தடத்தை விட்டுப் போகும். பரு பத்து நாளில் போய்விடும், தடம் மாதக்கணக்கில் நிற்கும். பருவுக்கு வைத்த மருந்தே தோலைப் பொசுக்கி இன்னொரு தடத்தை உண்டாக்கினால் வாங்கியதற்கு என்ன பயன்? கல்லூரி நாட்களில் அவசரப்பட்டு 10% டியூபை வாங்கிக் கன்னத்தில் அப்பிக்கொண்டவன் நான். பரு போன வேகத்தில் அந்தக் கறை போகவில்லை.

கரும்புள்ளி, வெண்புள்ளி வகைக்குச் சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் நுண்துளைக்குள் இறங்கி உள்ளே ஒட்டிக்கிடக்கும் செல்களைத் தளர்த்தும். 0.5% முதல் 2% வரை வருகிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம்.

இரண்டுமே எரிகிறது என்பவர்களுக்குக் கந்தகம் கலந்த மருந்து உண்டு. வாசனை பிடிக்காது, ஆனால் மெதுவாகப் பருவை உலர்த்தும். 'எனக்கு சல்ஃபா மாத்திரை அலர்ஜி, கந்தகம் தடவலாமா' என்று ஒருவர் கேட்டிருந்தார். கந்தகமும் சல்ஃபா மருந்தும் வேறு வேறு. கந்தகத்தோடு சல்ஃபாசெட்டமைடு என்ற சல்ஃபா மருந்து சேர்ந்த கலவைகளும் இருக்கின்றன, அவற்றை மட்டும் நீங்கள் தவிர்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் இருப்பதிலேயே சிறிய டியூப் போதும். ஒரு பருவுக்கு ஒரு மிளகு அளவுகூடத் தேவைப்படாது. பெரிய டியூப் முடிவதற்குள் காலாவதி தேதி வந்துவிடும்.

கேள்வி: வாங்கி மூன்று நாள் தடவிவிட்டேன். பரு அப்படியே இருக்கிறது, சுற்றிலும் தோல் மட்டும் உரிகிறது. போலி மருந்தா?

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வைத்த விதத்தைச் சொல்லவில்லை, ஆனால் தோல் உரிவதைப் பார்த்தால் அதிகமாக, அடிக்கடி வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

முகத்தை மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கப் போகும் வரை சில நிமிடம் விடுங்கள். ஈரத் தோலில் வைத்தால் எரிச்சல் அதிகம். பிறகு பருவும் அதன் விளிம்பும் மூடும் அளவுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அது அதிகம். காய்ந்ததும் முகம் முழுக்க மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், மருந்தைத் தோல் தாங்குவதே அதனால்தான். முதல் வாரம் இரவில் ஒரு வேளை மட்டும். தோல் சும்மா இருந்தால் இரண்டு வேளையாக்கலாம். உரிந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்குங்கள். அதே நாட்களில் ஸ்க்ரப், சாலிசிலிக் ஃபேஸ் வாஷ், வைட்டமின் சி சீரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டாம்.

புது மருந்தை முதலில் மூன்று நாள் ஒரு சின்ன இடத்தில் மட்டும் தடவிப் பார்ப்பது நல்லது. அரிதாகச் சிலருக்குத் தொண்டை இறுகுவது, மூச்சுத் திணறுவது, முகம் வீங்குவது போன்ற கடும் அலர்ஜி வந்ததால், பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் இரண்டுக்குமே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் இந்த யோசனையைச் சொன்னது. அப்படி ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், மூன்று நாளில் நீங்கள் எதிர்பார்ப்பதையும் பேசியாக வேண்டும். இன்று வெளியே தெரிகிற பரு இன்று வந்ததல்ல. அதன் அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தெரிகிற பருவின் மேல் மருந்து வைக்கும்போது பக்கத்துத் துளையில் அடுத்தது உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் மாதத்தில் ஒன்றிரண்டு பரு வருபவருக்கு ஸ்பாட் ட்ரீட்மென்ட் போதும். அதே தாடையில், அதே நெற்றியில் திரும்பத் திரும்ப வருபவர்கள் பருவை விட்டுவிட்டு அந்த இடம் முழுவதுக்கும் மெல்லிசாகத் தடவ வேண்டும். அதற்காகவே இருப்பது அடாபலீன் 0.1% ஜெல். சில நாடுகளில் சீட்டில்லாமல் கிடைக்கும், பல இடங்களில் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதைப் பரு மேல் மட்டும் புள்ளி வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. இரவில் முகம் முழுக்கத் தடவி 8 முதல் 12 வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும்.

கேள்வி: பரு மேல் ஒட்டுகிற பேட்ச் உண்மையிலேயே வேலை செய்யுமா?

பதில்: சரியான நேரத்தில் ஒட்டினால் செய்யும். அது ஹைட்ரோகொல்லாய்டு, காயங்களுக்கு ஒட்டும் அதே பொருள். நுனி வெளுத்து உடையப்போகிற அல்லது உடைந்த பருவில் ஒட்டினால் நீரை உறிஞ்சிக்கொண்டு வெள்ளையாக உப்பும். மருந்தில்லாத சாதா பேட்சே போதும். அடியில் கிரீம் தடவினால் ஒட்டாது. தோலுக்குள் ஆழமாக வலிக்கிற கட்டியில் ஒட்டிப் பயனில்லை, உறிஞ்ச அங்கே வெளியே ஒன்றும் இல்லை. இதன் பெரிய நன்மை என்று நான் நினைப்பது, கை போய் பருவைக் கிள்ளாது.

கேள்வி: என் தலையணை உறையிலும் துண்டிலும் திட்டுத் திட்டாக நிறம் போயிருக்கிறது. இந்த ஜெல்தான் காரணமா?

பதில்: ஆம். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், போன நிறம் திரும்பாது. நன்றாகக் காய்ந்த பிறகு படுங்கள், வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். புருவத்திலும் முடியிலும் படாமல் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. தோழி ஒருத்தி கொடுத்தாள் என்று ஒரு கிரீம் தடவுகிறாள். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்றே எழுதவில்லை. ஆனால் இரண்டே நாளில் பரு அமுங்கி, முகமும் வெளுத்துவிட்டது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வருகிறது. தொடரலாமா?

பதில்: அம்மா, தயவு செய்து இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அந்த டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டு நாளில் சிவப்பு அடங்குவது, கூடவே நிறம் வெளுப்பது, நிறுத்தியதும் சீறிக்கொண்டு வருவது, இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீராய்டைத்தான். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மோமெட்டசோன் போன்றவை எக்ஸிமா போன்ற நோய்களுக்கு மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நல்ல மருந்துகள். பருவுள்ள முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சிவந்த ரத்தக்குழாய்க் கோடுகள் தெரியும், முகத்தில் முடி வளரும், ஸ்டீராய்டாலேயே புதிதாகப் பருவும் வரும். நிறுத்தும்போது முகம் எரிவதால் மறுபடி அதையே தடவத் தோன்றும். உங்கள் மகள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தச் சுழலில்தான் என்று அஞ்சுகிறேன். அவளைத் திட்ட வேண்டாம். அந்த வயதில் கண்ணாடி முன் நிற்பது எவ்வளவு வேதனை என்பது நமக்குத் தெரியாததா? எப்படி நிறுத்துவது, ஒரேயடியாகவா, படிப்படியாகவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வாங்கும்போது எல்லோரும் பார்க்க வேண்டியது இதுதான். வேலை செய்யும் பொருளின் பெயரும் அதன் சதவீதமும், தயாரித்தவர் முகவரி, தயாரிப்புத் தொகுதி (batch) எண், காலாவதி தேதி ஆகியவை இல்லாத எதையும் முகத்தில் தடவாதீர்கள். 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர் இருந்தால் மருந்துக்கடைக்காரரைக் கேளுங்கள். அப்படி முடிகிற எல்லாமே ஸ்டீராய்டு அல்ல, ஆனால் கேட்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: 'நான்-காமெடோஜெனிக்', 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்', 'இயற்கையானது'. இவற்றை நம்பி வாங்கலாமா?

பதில்: முதல் சொல்லுக்கு 'துளையை அடைக்காது' என்று பொருள். ஆனால் எந்தச் சோதனையில் தேறினால் அப்படிப் போடலாம் என்பதற்குப் பொதுவான விதி இல்லை. இரண்டாவது, ஒரு தோல் மருத்துவர் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு சோதனை நடந்தது என்கிறது. சோதனையில் என்ன தெரிந்தது என்று சொல்வதில்லை. 'இயற்கை' என்பதால் தோலுக்கு இதமாக இருக்கும் என்றும் இல்லை. டீ ட்ரீ எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த ஓர் ஆய்வில் 5% டீ ட்ரீ ஜெல் பருவைக் குறைத்தது, பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக. ஆனால் அது 5% ஜெல். பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்துப் பருவில் வைக்கும் நூறு சதவீத எண்ணெய் வேறு விஷயம், பலருக்கு அது அலர்ஜியைக் கிளப்பும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் அப்படித்தான் தோலைப் புண்ணாக்கும், வேண்டாம்.

கேள்வி: பென்சாயில் பெராக்சைடில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருப்பதாகச் செய்தி படித்தேன். வீட்டில் இருக்கும் டியூபைத் தூக்கிப் போடட்டுமா?

பதில்: செய்தியில் உண்மை உண்டு, பயப்படும் அளவுக்கு இல்லை. பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதையும்போது பென்சீன் உருவாகலாம். 2024-இல் ஓர் ஆய்வகம் இதைக் கிளப்பியதும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்தது. 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. அளவு கூடியிருந்த சிலவற்றை மட்டும் 2025 மார்ச்சில் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, தேதி தாண்டியதைத் தூக்கிப் போடுவது, வெயிலில் நிற்கும் வண்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ டியூபை வைக்காமல் இருப்பது. வாங்கும்போதும் வெயில் படும் அலமாரியில் கிடந்ததை எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. திடீரென்று பரு வருகிறது. எதைத் தடவலாம்?

பதில்: அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) எதையும் தொடாதீர்கள், முன்பு வாங்கி வைத்திருந்தாலும். அசெலாயிக் அமிலம் கர்ப்ப காலத்தில் ஏற்றதாகக் கருதப்படுகிறது, பருத் தடத்தையும் மெதுவாக மங்கச் செய்யும். பென்சாயில் பெராக்சைடைச் சிறிய இடத்தில் வைப்பதையும் மருத்துவர்கள் பொதுவாக அனுமதிக்கிறார்கள். எதுவானாலும் உங்களைப் பார்க்கிற மருத்துவரிடம் டியூபைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாகப் பொரிந்து அரிக்கிறது. மூன்று டியூப் மாற்றிவிட்டேன். நாலாவதாக எதை வாங்கலாம்?

பதில்: நாலாவது வேண்டாம். பரு பொதுவாக வலிக்கும், இப்படி அரிக்காது. ஒரே அளவில் பொரிந்து அரிப்பது மலசீஸியா என்ற பூஞ்சையால் முடிவேர்களில் வரும் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும், பரு மருந்து எத்தனை மாற்றினாலும் கேட்காது. அந்தப் பணத்தை மருத்துவரின் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்புகள் உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்கள் மூன்று டியூப் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், குழி விழுந்த பிறகு அதை நிரப்புவது மிகவும் கடினம்.