உயரமானவர்கள், கூடவே ஒரு நாய்: எடை குறைந்த டென்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் உயரம் 193 செ.மீ., மனைவி 178 செ.மீ. 27 கிலோ எடையுள்ள எங்கள் நாயும் மலையேற்றத்துக்கு வரும். நாங்கள் பார்த்துவைத்திருக்கும் இரண்டு பேர் டென்ட்டின் தரை நீளம் 218 செ.மீ. என் உயரத்தைவிட 25 செ.மீ. கூடுதல்தானே, போதாதா?

போதாது. 218 என்பது தரையில் அளந்தது. நீங்கள் படுப்பதோ தரைக்கு மேலே. 8 செ.மீ. தடிமனுள்ள காற்று மெத்தை, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக், அதற்குள் நிமிர்ந்து நிற்கும் கால்விரல்கள். எல்லாம் சேர்ந்தால் உங்கள் விரல்நுனி தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். தலையணை வைத்த தலையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். டென்ட் சுவரோ உள்பக்கம் சாய்ந்தே மேலே போகிறது. சுவர் தரையோடு 60 டிகிரியில் நின்றால், 30 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு முனையிலும் 17 செ.மீ. காணாமல் போகும். 218-இல் 34 கழித்தால் மிச்சம் 184. உங்களுக்கு வேண்டியதோ, பேக்கின் தடிமனையும் சேர்த்து, 200-க்கு மேல்.

இடம் பற்றாத இரவில் என்ன நடக்கும்? பேக்கின் கால்முனை சுவரை அழுத்தும். சுவரில் படிந்த ஈரம் பேக்குக்குள் இறங்கும். இறகு நிரப்பிய பேக் நனைந்தால் உப்பல் போய்விடும், கூடவே கதகதப்பும். விடியும் நேரத்தில் கால் விறைப்பதற்குப் பல சமயம் குளிரைவிட இதுதான் காரணம்.

அதே கணக்கை 75 டிகிரி சுவருக்குப் போட்டால் ஒரு முனைக்கு 8 செ.மீ. மட்டுமே போகிறது. ஆகவே தரை நீளம் 224 முதல் 230 செ.மீ., இரு முனைகளிலும் செங்குத்துக்கு நெருக்கமான சுவர் என்று தேடுங்கள். சில மாடல்கள் 'லாங்' என்ற நீள வடிவிலும் வருகின்றன. பக்கவாட்டு வரைபடம் கொடுக்காத மாடலை நம்பி வாங்க வேண்டாம். கடையில் விரித்துக் காட்டினால் உங்கள் சொந்த மெத்தையையும் பேக்கையும் கொண்டுபோய் ஊதிப் படுத்துப் பாருங்கள். வெறும் தரையில் படுத்துப் பார்த்தால் எல்லா டென்ட்டும் போதும் போலத்தான் தெரியும்.

உட்காரும் உயரத்தையும் பாருங்கள். 193 செ.மீ. ஆள் உட்கார்ந்தால் உச்சந்தலை சுமார் 100 செ.மீ.க்கு வரும். மெத்தையும் தொப்பியும் சேர்ந்தால் 110 வேண்டும். குவிமாட டென்ட்டில் அந்த உயரம் நடுவில் ஒரே புள்ளியில்தான் கிடைக்கும், இருவர் சேர்ந்து உட்கார முடியாது. உச்சியில் குறுக்காக ஒரு சிறு கம்பி உள்ள வடிவம் அந்த உயரத்தை இரு பக்கமும் இழுத்துக் கொடுக்கும்.

அகலத்தில்தான் நாய் வருகிறது. இரண்டு பேர் டென்ட்டுக்கு வழக்கமாகத் தலைப்பக்கம் 130 செ.மீ. அகலம் இருக்கும், பலவற்றில் கால்பக்கம் இன்னும் குறுகும். 64 செ.மீ. அகல மெத்தை இரண்டு போட்டாலே 128. சுருண்டு படுக்கும் 27 கிலோ நாய்க்குக் குறைந்தது 60க்கு 75 செ.மீ. இடம் வேண்டும். ஆக, உங்களுக்கு மூன்று பேர் டென்ட்தான், மெத்தை இரண்டும் நாயும் அடங்கும் அகலத்தில், அதாவது சுமார் 188 செ.மீ. எடை சுமார் 300 முதல் 500 கிராம் கூடும். ஒருவர் கம்பிகளையும் மேல்துணியையும், மற்றவர் உள்கூட்டையும் சுமந்தால் அது தெரியாது. இரண்டு வாசல் இருப்பது கட்டாயம். ஒரே வாசலென்றால் நள்ளிரவில் நாய் உங்கள் வயிற்றின் மேல்தான் நடந்து வெளியே போகும்.

எடையை ஒப்பிடும்போது முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்த மொத்த எடையைக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அவற்றை விட்டுவிட்ட எடையாக இருக்கலாம்.

கேள்வி: நான் 188 செ.மீ. தனியாகத்தான் போவேன். 12 கிலோ நாய். ஒருவர் டென்ட் போதுமா?

இரண்டு பேர் டென்ட் வாங்குங்கள். 218-க்கு 130 தரையில் மூலைவிட்டம் சுமார் 254 செ.மீ. நீங்கள் குறுக்காகப் படுத்தால் கால் எங்கும் இடிக்காது. இரு பக்கமும் முக்கோணமாக மிஞ்சும் இடத்தில் ஒன்றில் நாய், இன்னொன்றில் பை.

கேள்வி: டென்ட்டுக்கு அடியில் தனி விரிப்பு போட்டால் நாயின் நகத்திலிருந்து தரையைக் காப்பாற்றலாமா?

முடியாது. அடியில் போடும் விரிப்பு கல்லுக்கும் முள்ளுக்கும்தான். நகம் மேலிருந்து வருகிறது, எனவே காப்பும் உள்ளேதான் இருக்க வேண்டும். மூடிய துளைகள் கொண்ட நுரை மெத்தையை நாயின் அளவுக்கு வெட்டிப் போடுங்கள். நகமும் தாங்கும், தரைக்குளிரும் நாயின் உடம்பில் ஏறாது. காற்று மெத்தையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். அன்றே வெட்டிய நகத்தின் விளிம்பு வெட்டாத நகத்தைவிடக் கூர்மை. தரைத்துணி 30 டெனியராவது (டெனியர் என்பது நூலின் பருமனைக் காட்டும் அளவு) இருந்தால் நிம்மதி. 15 டெனியர் துணி, நாய் படுக்குமுன் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிறாண்டும்போதே கிழியலாம். அடிவிரிப்பு போடுவதாக இருந்தால், அது மேல்துணியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரை வாங்கி உங்களுக்கு அடியிலேயே தேக்கும்.

கேள்வி: ட்ரெக்கிங் கோலை ஊன்றி நிறுத்தும் ஒற்றைச் சுவர் டென்ட்கள் ஒரு கிலோவுக்கும் குறைவு. நாயோடு போக ஏற்றவையா?

உயரமானவர், நாய் இரண்டும் சேர்ந்தால் என் பரிந்துரை இரட்டைச் சுவர்தான், அதாவது வலையாலான உள்கூடும் அதன்மேல் தனி மேல்துணியும் உள்ள டென்ட். நாய் இரவு முழுக்க மூச்சில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஒற்றைச் சுவரில் அது நேராக உட்புறத்தில் துளியாகப் படியும், உயரமானவரின் காலும் தலையும் அதைத்தான் தொடும். இரட்டைச் சுவரில் நடுவே வலை தடுக்கும். எந்த வகையானாலும் மேல் காற்றுத்துளைகளைத் திறந்தே வையுங்கள்.

எடைதான் முக்கியம் என்றால், கோல் உள்ளே நடுவில் நிற்காமல் உள்கூட்டுக்கு வெளியே நிற்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நின்றால் நாய் ஒருமுறை இடித்தாலே மொத்தமும் சரியும். துணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிகான் பூசிய நைலான் மழையில் நனைந்தால் தளர்ந்து தொய்யும், கால்பக்கத்தில் நீங்கள் கணக்குப் போட்ட இடத்தை அது தின்றுவிடும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது.

கேள்வி: வாசல் வலையை நாய் கிழித்துவிட்டது. ஒட்டலாமா?

ஒட்டலாம். வலைக்கென்று விற்கும் ஒட்டுத்துண்டை, வட்டமாக வெட்டி இரு பக்கமும் ஒட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து உரியத் தொடங்கும். தரையோ மேல்துணியோ கிழிந்தால் முதலில் பூச்சு எது என்று பாருங்கள். பாலியூரித்தேன் பூசிய பக்கத்தில் சாதாரண ரிப்பேர் டேப் பிடிக்கும். இரு பக்கமும் சிலிகான் என்றால் பிடிக்காது, சிலிகான் பசைதான் வேண்டும்.

நாய் வலையைப் பிறாண்டுவது பெரும்பாலும் வெளியே போக. புறப்படுமுன் வீட்டிலேயே டென்ட்டை விரித்து, இரண்டு மூன்று இரவு அதோடு சேர்ந்து உள்ளே படுங்கள். ஜிப் சத்தம் கேட்டால்தான் வாசல் திறக்கும் என்பதை அது கற்றுக்கொள்ளட்டும். நாயின் கயிற்றை டென்ட் கம்பியிலோ முளையிலோ கட்ட வேண்டாம். ஒரு முயல் ஓடினால் டென்ட்டும் கூடவே போகும்.