வயதான பூனைக்குச் சிறுநீரக நோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, மருத்துவ உணவைத் தொட மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

14 வயதுப் பூனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1, சிறுநீரக உணவை வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது, பட்டினி போட்டால் வழிக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எந்த உணவு என்பது அப்புறம். முதலில் அது சாப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிழவிப் பூனைக்கும் இதே நோய்தான். கிண்ணம் வரை ஆசையாக வருவாள், உதட்டை நக்குவாள், திரும்பிப் போய்விடுவாள். பார்ப்பதற்குப் பிடிவாதம் போல இருக்கும், உண்மையில் அது குமட்டல். மருத்துவர் குமட்டலுக்கு மருந்து கொடுத்ததும் சாப்பிட ஆரம்பித்தாள். உங்கள் பூனையிடமும் இதைக் கவனியுங்கள். குமட்டல் இருக்கும்போது புது உணவைக் கொடுத்தால், அந்த உணவையே பிறகு வெறுத்துவிடலாம். வயிறு சரியான பிறகு, பழைய உணவோடு ஒரு சிட்டிகை அளவில் கலக்கத் தொடங்கி, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு கூட்டுங்கள்.

சிறுநீரக உணவின் முக்கியமான பலன் அதில் பாஸ்பரஸ் குறைவு என்பதுதான். எவ்வளவு முயன்றும் ஏற்கவில்லையென்றால், பாஸ்பரஸ் குறைந்த சாதாரண ஈர உணவு எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடினால் அதைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. அது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்து என்பதால் உணவோடுதான் கொடுக்க வேண்டும்.

2.1 என்ற எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐரிஸ் வகைப்பாட்டில் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. இந்த நிலையில் கண்டுபிடித்த பூனைகள் பல, ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். உடலில் நீர் குறைந்திருந்தால் அது ஏறும். வயதாகித் தசை கரைந்த பூனையில் நிலைமையைவிடக் குறைத்துக் காட்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை, சிறுநீரின் அடர்த்தி, அதில் புரதம் போகிறதா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் படம் தெளிவாகும்.

ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கு அழுத்தம் கூடுவது சாதாரணம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருந்துவிட்டு, விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடலாம். அம்லோடிபின் மாதிரி மாத்திரையால் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடிகிற விஷயம் அது.

அதிகம் சிறுநீர் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்ததால்தான் அவ்வளவு போகிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அது குடித்துக்கொண்டே இருக்கிறது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதிலும் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் சேர்த்துக் கலக்குங்கள், வாசனையும் தூக்கலாக இருக்கும். தண்ணீர்க் கிண்ணங்களைப் பல இடத்தில் வையுங்கள். மணல் பெட்டியின் ஓரம் தாழ்வாக இருக்கட்டும், வயதான மூட்டுகளுக்கு ஏறி இறங்குவது வலி.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள், குழந்தை எடை பார்க்கும் தராசு போதும். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் அது உடம்பில் 5 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். எடை இறங்கிக்கொண்டே போனால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றாலும் அப்படியே. வலி என்று நினைத்து மனிதர்களின் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் லில்லிப் பூ இருந்தால் இன்றைக்கே அகற்றிவிடுங்கள், அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம்.