பிரிக்காமல் வீடு திரும்ப வேண்டிய பொட்டலம்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இப்போதுதான் மலையேற ஆரம்பித்திருக்கிறோம். முதலில் பெங்களூர் பக்கத்து நந்தி மலை, அப்புறம் சாவன்துர்கா. ஒவ்வொரு தடவையும் மிக்சர், முறுக்கு, சாக்லேட் என்று பை நிறையக் கொண்டு போகிறோம், உச்சியிலேயே எல்லாம் காலி. அவசரத்துக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் அலுவலக நண்பர். தீனியில் அவசரத் தீனி என்று ஒன்று உண்டா?
(வாசகி, அல்சூர்)

பதில்: உண்டு. நீங்கள் உச்சியில் காலி பண்ணியது நொறுக்குத் தீனி. அவசரத்துக்கு வைப்பது, பத்தில் ஒன்பது தடவை பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வர வேண்டிய பொட்டலம்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் அதே சாவன்துர்காவில் இறங்கும்போது ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. உங்களுக்குத் தெரியும், அங்கே படிக்கட்டு கிடையாது, வழுக்குப் பாறைதான். உட்கார்ந்த வாக்கிலேயே அவரை நகர்த்தி நகர்த்தி இறக்கியதில் பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. மிச்சமிருந்தது அரை பாட்டில் தண்ணீரும் ஒரு பாக்கெட் கார மிக்சரும். ஆளுக்கு ரெண்டு கைப்பிடி தின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இருந்த தண்ணீரும் போச்சு. கடைசியில் ஒருவர் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் எப்போதோ போட்டு மறந்த ரெண்டு கடலை மிட்டாய் அகப்பட்டது. வெயிலில் பாகு இளகிக் கவரோடு ஒட்டிப்போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் கவரைப் பல்லால் உரித்து, துண்டு துண்டாகப் பிட்டுத் தின்றோம். அடிபட்டவருக்குக் கை நடுக்கம் நின்றது அதற்குப் பிறகுதான்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். அடுப்பு கேட்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, நசுங்கினாலும் தின்ன வர வேண்டும், எடைக்குத் தகுந்த தெம்பு கொடுக்க வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. அதனால்தான் வேர்க்கடலையை அடிக்க ஆளில்லை: 100 கிராமில் சுமார் 570 கலோரி. அதே எடை கடலை மிட்டாயில் 500 சொச்சம், பேரீச்சையில் 280 வாக்கில். மூன்றிலும் நூறு நூறு கிராம் எடுத்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, 1,300 கலோரிக்குக் குறையாது; ஓர் ராத்திரியை ஓட்டிவிடலாம். சத்துமாவு, அவல் எல்லாம் நல்லவைதான், ஆனால் தண்ணீர் தீர்ந்த இடத்தில் தொண்டையை அடைக்கும். சாக்லேட் மார்ச் மாத வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலை மிட்டாய்க்குக் கோவில்பட்டிக்குப் போக முடியாது (2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே எங்கள் தெருவில் ஒருவர் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார்). பெங்களூர் காண்டிமென்ட்ஸ் கடையில் சிக்கி என்று கேளுங்கள், அதே சரக்குதான். தனித்தனியாகக் கவர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு தந்திரம்: உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காததை வையுங்கள். எனக்குப் பேரீச்சை ஆகாது, அதனால்தான் என் பையில் அது மட்டும் உச்சி வரைக்கும் பத்திரமாக வருகிறது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்றிவிடுங்கள், கடலையில் சிக்கு வாடை வந்துவிடும்.

கேள்வி: மதியத்துக்குத் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?
(வாசகர், ஸ்ரீராம்புரம்)

பதில்: காலை ஆறு மணிக்குக் கட்டி, பத்து மணிக்குள் சாப்பிடுவதாக இருந்தால் சரி. வெயிலில் பையோடு மத்தியானம் வரைக்கும் சுமந்தால் புளித்து வழிந்துவிடும். புளியோதரை தாங்கும், புளியும் நல்லெண்ணெயும் அந்த வேலையைச் செய்யும். எண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லி அதைவிட வசதி, கையைக்கூடக் கழுவ வேண்டாம், இலையில் துடைத்துக்கொள்ளலாம். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, இன்சுலின் போடுகிறார். எங்களோடு ஸ்கந்தகிரி வர ஆசைப்படுகிறார். சாக்லேட் எடுத்துக்கொண்டால் போதுமா?
(வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். ஏறுகிற நாளில் இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. சாக்லேட் இந்த வேலைக்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் தூள்தான் சரி. படபடப்பு, வேர்வை, நடுக்கம் என்றால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் வாக்கில் கொடுங்கள். 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி சர்க்கரை அளவைப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியான பிறகு பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்கோஸ் உங்கள் பையில் இருந்து பிரயோஜனமில்லை, அவருடைய சட்டைப் பையில் இருக்கட்டும். நீங்கள் வேகமாக முன்னால் போய்விடுவீர்கள்.

கேள்வி: ஓஆர்எஸ் பாக்கெட் தேவையா, தண்ணீர் போதாதா?
(வாசகி, மல்லேஸ்வரம்)

பதில்: மணிக்கணக்காக வேர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறையும், தலைவலி, குமட்டல் வரும், முற்றினால் ஆபத்து. ரெண்டு பாக்கெட் வையுங்கள், எடையே இல்லை. உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் குடிக்கக் கூடாது.

கேள்வி: சிவகங்கேயில் குரங்கு பையையே பிடுங்கிவிட்டது. என்ன செய்வது?
(வாசகர், தாசரஹள்ளி)

பதில்: கவர் சரசரத்தால் அதற்குத் தெரிந்துவிடும். தீனியைத் துணிப் பையில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள், கையில் எதுவும் வேண்டாம், குரங்கு கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். பிடுங்கியே விட்டால் இழுத்துப் பறிக்காதீர்கள். அது கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிக்கு.