பட்டா தொலைந்தது, வீடு அப்படியே இருக்கிறது

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது பழைய நிண்டெண்டோ 3டிஎஸ் எக்ஸ்எல் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. சிங்கப்பூரில் இருக்கும் மாமா கொடுத்தது. போன வருஷம் லூமா (நிண்டெண்டோ அனுமதிக்காத செயலிகளையும் ஓட்ட விடும் மென்பொருள்) போட்டு மாற்றி வைத்தேன். போன வாரம் எஃப்பிஐ என்ற நிறுவும் செயலி வழியாக ஒரு விளையாட்டை நிறுவிக்கொண்டிருந்தபோது பாதியில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் ஹோம் மெனுவில் எஸ்டி கார்டில் இருந்த ஒன்றுகூட இல்லை, எஃப்பிஐயும் காணோம். ஆனால் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் 24 ஜிபி நிரம்பித்தான் இருக்கிறது. நண்பன் ஃபார்மட் பண்ணச் சொல்கிறான். பண்ணட்டுமா? மூன்று வருஷ சேவ் (விளையாடிய இடம் வரை சேமித்து வைத்தது) அதில் இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: தம்பி, பண்ணாதீர்கள். நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள், கார்டை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

24 ஜிபி அப்படியே இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள், பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. கார்டில் 'நிண்டெண்டோ 3டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 32 எழுத்தில் கண்டபடி பெயர் வைத்த ஒரு ஃபோல்டர், அதற்குள் அதேபோல் இன்னொன்று. அதையும் திறந்தால் 'டைட்டில்', 'எக்ஸ்ட்டேட்டா', 'டிபிஎஸ்' என்று மூன்று நான்கு ஃபோல்டர்கள் தெரியும். விளையாட்டுகள் எல்லாம் டைட்டிலுக்குள் குடியிருக்கின்றன. டிபிஎஸ்ஸுக்குள் இருப்பது டைட்டில்.டிபி, இம்போர்ட்.டிபி என்று இரண்டே ஃபைல். அவைதான் பதிவேடு. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டைட்டில்.டிபியில் எழுதியிருக்கும், இப்போது யார் குடிவந்துகொண்டிருக்கிறார்கள் என்பது இம்போர்ட்.டிபியில். ஹோம் மெனு தெருத்தெருவாகப் போய் வீட்டை எண்ணாது, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அதில் உள்ளதை மட்டும் காட்டும். நீங்கள் ஒன்றை நிறுவிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனது, அதாவது எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியது போல. பதிவேடு கிழிந்தது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அநேகமாக.

அந்த 'அநேகமாக' இருப்பதால்தான் முதல் வேலை நகல் எடுப்பது. 3டிஎஸ்ஸை முழுதாக அணைத்துவிட்டு (மூடி வைப்பது அணைப்பது ஆகாது) கார்டை எடுத்துக் கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அப்போது விண்டோஸ் 'கார்டில் பிரச்சினை இருக்கிறது, சரிசெய்யட்டுமா' என்று கேட்கலாம். நகல் முடியும் வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள், ஏனென்றால் அது சரிசெய்யும் விதம் சில நேரம் முரட்டுத்தனமாக இருக்கும்: அறுந்து தொங்கும் ஃபைல்களை எல்லாம் பெயர் மாற்றி ஒரு ஃபோல்டரில் குப்பையாகக் குவித்துவிடும், அப்புறம் எது எதன் துண்டு என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். நகலெடுக்கும்போது ஏதாவது ஒரு ஃபைலில் நின்று திணறினால் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போங்கள்.

நகல் முடிந்ததா? சரி, இனி பதிவேடு. டிபிஎஸ் ஃபோல்டரில் உள்ள இரண்டு பழைய ஃபைல்களையும் அழித்துவிட்டு (நகல்தான் இருக்கிறதே), அதே பெயரில் இரண்டு வெற்று ஃபைல்களை உருவாக்குங்கள். உள்ளே ஒரு எழுத்துகூட வேண்டாம், அளவு பூஜ்யம். இங்கேதான் பத்துப் பேரில் பலர் சறுக்குகிறார்கள். நோட்பேடில் உருவாக்கினால் விண்டோஸ் சத்தமில்லாமல் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒரு வால் ஒட்டி, அந்த வாலை உங்கள் கண்ணில் படாமல் மறைத்தும் வைத்துவிடும். வியூ மெனுவில் ஃபைல் பெயர் நீட்சிகளைக் காட்டச் சொல்லிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

கார்டை 3டிஎஸ்ஸில் போட்டு ஆன் செய்து, சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டேட்டா மேனேஜ்மென்ட், அதில் நிண்டெண்டோ 3டிஎஸ், அதில் சாஃப்ட்வேர். உள்ளே போனதும் மேலாண்மைத் தகவல் கெட்டுப்போயிருக்கிறது என்ற ரீதியில் ஒரு அறிவிப்பு வந்து ரீசெட் செய்யட்டுமா என்று கேட்கும். இத்தனை நேரம் எதையும் அமுக்காதே என்று சொன்ன நானேதான் இப்போது அமுக்கச் சொல்கிறேன். சில நொடி வேலை. பிறகு கணினியில் பார்த்தால் அந்த வெற்று ஃபைல்கள் இரண்டும் எடை போட்டிருக்கும்.

ஏன் இந்தச் சுற்று வழி, நேராக ஒரு நல்ல பதிவேட்டை வைத்தால் என்ன என்று தோன்றும். கார்டின் 'நிண்டெண்டோ 3டிஎஸ்' ஃபோல்டரில் உள்ளவை உங்கள் 3டிஎஸ்ஸுக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டி எழுதப்படுகின்றன. போதாக்குறைக்குப் பதிவேட்டின் தலையில் ஒரு முத்திரையும் உண்டு, அதுவும் அதே கருவிக்கு உரிய சாவியால் குத்தியது. தாசில்தார் சீல் இல்லாத பட்டாவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? ஆகவே கருவியை ஏமாற்றாமல், 'இங்கே ஒரு பதிவேடு இருந்தது, பாழாய்ப் போய்விட்டது, நீயே புதிதாகப் போட்டுக்கொள்' என்று அதன் கையாலேயே சீல் குத்த வைக்கிறோம்.

இப்போது பதிவேடு புதிது, ஆனால் காலி. விளையாட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி பதிய வேண்டும், இதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. சிஐஏ ஃபைல்களை (விளையாட்டை நிறுவப் பயன்படும் பொதிகள்) கணினியில் வைத்திருக்கிறீர்கள் என்றால் எஃப்பிஐ வழியாக மறுபடி நிறுவினால் போதும். எஃப்பிஐயே காணோம் என்கிறீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. டவுன்லோடு ப்ளே என்பது கார்டில் இல்லை, கருவியின் உள்நினைவகத்தில் இருக்கிறது, அதனால் அது தப்பித்திருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு எல், கீழ் அம்பு, செலக்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லூமாவின் ரோசலினா மெனு வரும். அதில் மிசலேனியஸ் பகுதியில் ஹோம்ப்ரூ (ரசிகர்கள் எழுதிய செயலிகள்) டைட்டிலை இப்போதைய செயலிக்கு மாற்று என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டவுன்லோடு ப்ளேயை மூடித் திரும்பத் திறந்தால் ஹோம்ப்ரூ லாஞ்சர் வந்து நிற்கும். எஃப்பிஐயின், நிறுவாமலே ஓடும் 3டிஎஸ்எக்ஸ் வடிவத்தை அங்கிருந்து ஓட்டலாம்.

சிஐஏ கையில் இல்லையென்றால் காட்மோட்9 என்ற ஃபைல் மேலாளர். ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்தபடி ஆன் செய்தால் வரும், நீங்கள் லூமா போட்ட அன்றே அதுவும் சேர்ந்து வந்திருக்கும். அதில் ஏ என்ற டிரைவ் உங்கள் கார்டின் பூட்டைத் திறந்து காட்டும். டைட்டில் ஃபோல்டருக்குள் போய் ஒவ்வொரு விளையாட்டின் டிஎம்டி ஃபைலையும் (அதில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) தேர்ந்தெடுத்து, இதிலிருந்து சிஐஏ கட்டு என்று சொன்னால் கட்டிக் கொடுக்கும், அதை அங்கேயே நிறுவிக்கொள்ளலாம். ரீசெட்டுக்குப் பிறகு டைட்டில் ஃபோல்டரில் எதுவும் குறைந்தது போலத் தெரிந்தால் நகலிலிருந்து திரும்ப எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். 32 ஜிபி கார்டில் 24 ஏற்கனவே நிரம்பியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் சிஐஏ கட்ட இடம் போதாது. இரண்டு மூன்றாகக் கட்டி, நிறுவி, சிஐஏவை அழித்து, அடுத்ததுக்குப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும்.

உங்கள் மூன்று வருஷ சேவ் ஒவ்வொரு விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளும் 'டேட்டா' என்ற சின்ன ஃபோல்டரில் இருக்கிறது. மறுபடி நிறுவியதும் அங்கே புதிதாக ஒரு வெற்று சேவ் முளைத்திருக்கும், பயந்துவிடாதீர்கள். அணைத்துவிட்டு, கணினியில் உள்ள நகலிலிருந்து அதே விளையாட்டின் டேட்டா ஃபோல்டரை அதே இடத்தில் மேலே போட்டு எழுதிவிடுங்கள். அதே கருவி, அதே இடம் என்பதால் பூட்டும் சாவியும் பொருந்தும். முதலில் ஒரே ஒரு விளையாட்டில் செய்து பார்த்து, சேவ் திறக்கிறது என்று தெரிந்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். சில விளையாட்டுகள் எக்ஸ்ட்டேட்டாவிலும் கொஞ்சம் எழுதி வைக்கும், அந்த ஃபோல்டரில் கை வைக்கவே வேண்டாம்.

காசு கொடுத்து நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் வாங்கியவை ஏதாவது இருந்தால் அதற்கு இத்தனை பாடு தேவையில்லை. 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு அங்கே விற்பனை நின்றது, ஆனால் முன்பே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள வழியை விட்டுவைத்தார்கள்.

கேள்வி: இதே பிரச்சினை எனக்கும் வந்து, இதே மாதிரி சரிசெய்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி எல்லாம் காணாமல் போய்விட்டது. சாஃப்ட்வேரை முழுதாக அழித்து மறுபடி போட வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: சாஃப்ட்வேரை விடுங்கள், கார்டைப் பிடியுங்கள். ஒரு முறை என்றால் விபத்து, இரண்டாம் முறை வந்தால் கார்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சொந்தக் கதை ஒன்று. நான் ஒரு கடையில் 64 ஜிபி கார்டு ஒன்று ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன், முதல் ஏழெட்டு ஜிபி வரை தங்கமாக இருந்தது, அதற்கு மேல் எதைப் போட்டாலும் பழையது ஒன்று செத்தது. சோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது 8 ஜிபிதான், மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் 64. இந்தப் போலிகள் 'நிரம்பிவிட்டது' என்று சொல்லாது, எழுதியதாகத் தலையாட்டிவிட்டுப் பழையதன் மேலேயே எழுதும் அல்லது காற்றில் விடும். அப்படி மேலே எழுதப்பட்ட இடத்தில் பதிவேடு இருந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

உங்கள் கார்டைச் சோதிக்க, விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3. இரண்டும் இலவசம், இரண்டும் கார்டை முழுதாக எழுதி நிரப்பித் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டில் இனி பாட்டுகூடப் போடாதீர்கள்.

கார்டு நல்லது என்று தெரிந்தால் ஃபார்மட்டைப் பாருங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், 3டிஎஸ் அதைப் படிக்காது, ஃபேட்32 வேண்டும். இத்தனை காலமாக விண்டோஸின் ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராமல் அடம்பிடித்து வந்தது, அதனால் ஜியூஐஃபார்மட் (guiformat) என்ற சின்னக் கருவியைப் பயன்படுத்துவார்கள். அலகு அளவு 32 கேபி, 128 ஜிபி கார்டென்றால் 64 கேபி. உங்களுடையது 'நியூ' 3டிஎஸ் என்றால் மைக்ரோ எஸ்டி பின்மூடிக்கு உள்ளே, ஸ்க்ரூ கழற்றினால்தான் கிடைக்கும். அந்தச் சோம்பலில் கார்டை எடுக்காமலே வைஃபை வழியாக எல்லாம் செய்கிறவர்கள் நகலும் எடுப்பதில்லை.

கேள்வி: என் தம்பியிடமும் 3டிஎஸ் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. அவன் டைட்டில்.டிபியை எடுத்து என் கார்டில் போட்டால் ஆகாதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஆகாது. முதல் பதிலில் சொன்ன சாவிதான் காரணம். உங்கள் கருவிக்கு அது வெறும் குப்பை, கெட்டுப்போன ஃபைல் என்றுதான் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சொன்னதும் ரீசெட் கேட்கும், நீங்கள் சரி என்பீர்கள், பட்டியல் புதிதாகிவிடும், தம்பியின் ஃபைல்தான் சரிசெய்தது என்று ஊரெல்லாம் சொல்வீர்கள்.

கேள்வி: எனக்கு பதிவேடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எஃப்பிஐ பட்டியலில் எல்லாம் தெரிகிறது. ஆனால் புதிதாக நிறுவுவது மட்டும் ஹோம் மெனுவில் வருவதில்லை. (சென்னை வாசகர்)

பதில்: எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹோம் மெனு 300 வரைதான் தாங்கும், அதற்கு மேல் நிறுவலாம், காட்டாது. டிஎஸ்ஐவேர் (முந்தைய டிஎஸ்ஐ கருவிக்கான விளையாட்டுகள்) என்றால் 40-தான். 300 விளையாட்டை வைத்துக்கொண்டு எதை விளையாடுகிறீர்கள் என்று கேட்கக்கூடாது, கேட்கவில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது சோனியின் கையடக்கக் கருவி பிஎஸ் வீட்டா, என்சோ (லூமா மாதிரி ஒன்று) போட்டது. மெனுவில் பாதி குமிழிகள் (செயலிகளின் வட்ட ஐகான்கள்) வெறும் வெள்ளைக் கட்டமாக இருக்கின்றன, தொட்டால் பிழை. 3டிஎஸ்ஸுக்குச் சொல்வது இதற்கும் பொருந்துமா? (டொராண்டோ வாசகர்)

பதில்: நோய் ஒன்று, வைத்தியம் வேறு. வீட்டாவின் பதிவேடு ஆப்.டிபி என்ற ஒரே ஃபைல், யுஆர்0 என்ற உள்நினைவகப் பகுதியில் ஷெல், அதற்குள் டிபி என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அது சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளம். கணினியில் எடுத்துப்போட்டு இலவச எஸ்க்யூலைட் உலாவியில் திறந்தால் எந்தக் குமிழி எந்தப் பக்கத்தில் என்று அட்டவணையாகவே படிக்கலாம். ஆர்வம் இருந்தால் திறந்து பாருங்கள், திருத்துவது என்றால் நகலில் மட்டும் திருத்துங்கள்.

சரிசெய்ய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டாஷெல் என்ற ஃபைல் மேலாளரில் ஆப்.டிபியை யுஎக்ஸ்0-க்கு (மெமரி கார்டு பகுதி) ஒரு நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழித்து ரீபூட் செய்தால், அது இருப்பதை எண்ணிப் புதிதாக எழுதிக்கொள்ளும். வீட்டாஷெல்லே திறக்கவில்லை என்றால் சேஃப் மோடு: அணைத்துவிட்டு ஆர், பிஎஸ் பொத்தான், பவர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள், மெனு வரும், அதில் இரண்டாவதாக இருக்கும் ரீபில்டு டேட்டாபேஸ். அதற்குக் கீழேயே மெமரி கார்டு ஃபார்மட்டும் சிஸ்டம் ரீஸ்டோரும் வரிசையாக நிற்கும், விரல் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்சோ போட்ட வீட்டாவில் ரீஸ்டோர் பக்கமே போக வேண்டாம்.

திரும்ப வரும்போது நீங்கள் அழகாக அடுக்கி வைத்திருந்த ஃபோல்டர்கள் போயிருக்கும், எல்லாக் குமிழிகளும் பொங்கல் பஸ் ஸ்டாண்டு போலக் கூடி நிற்கும். சில ஹோம்ப்ரூ வரவே வராது. அதற்கு வீட்டாஷெல்லின் முகப்பில் முக்கோணத்தை அழுத்தி ரெஃப்ரெஷ் லைவ்ஏரியா கொடுங்கள். வீட்டாஷெல் குமிழியே காணாமல் போயிருந்தால் மோலிக்யூலர்ஷெல் உள்ளதா என்று பாருங்கள், அதுவும் அதேதான், பெயர்தான் வேறு.