விசாரிக்காமலே குற்றவாளின்னு எப்படி சொல்றீங்க?

கேள்வி: கியூபாவுல அமெரிக்க ராணுவம் வச்சிருக்கற குவாண்டனாமோ முகாம் கைதிகளுக்கும் நியாயமான விசாரணை வேணும்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. 2001 செப்டம்பர் 11ல கிட்டத்தட்ட 3000 பேரைக் கொன்ன கூட்டத்துக்கு என்ன சார் மனித உரிமை? ராணுவம் சும்மாவா ஒருத்தனைப் புடிச்சுட்டு வரும்? கோர்ட்டு, வக்கீல்னு போனா தப்பிச்சுருவானுங்க. செத்தவங்க குடும்பத்தை நெனச்சுப் பாத்தீங்களா?

பதில்: கேள்வியிலயே தீர்ப்பையும் எழுதிட்டீங்க. அங்க இருந்தவன் எல்லாம் கொலைகாரன்னு உங்களுக்கு யார் சொன்னா? புடிச்சவங்க சொன்னாங்க, அவ்வளவுதான். 2002 ஜனவரியில இருந்து அந்த முகாமுக்கு கிட்டத்தட்ட 780 பேரைக் கொண்டு போயிருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க அமெரிக்க சிப்பாய் சண்டையில மடக்கினவங்களே கிடையாது, பாகிஸ்தான்காரங்களும் தாலிபானை எதிர்த்து சண்டை போட்ட ஆப்கன் வடக்கு கூட்டணிக்காரங்களும் புடிச்சுக் குடுத்தவங்க, அதுவும் ஆளைக் காட்டிக் குடுத்தா பணம்னு அமெரிக்கா நோட்டீஸ் அடிச்சு தூவிட்டு இருந்த நேரத்துல. இவங்களைப் போர்க்கைதின்னும் ஒத்துக்கலை, குற்றவாளின்னு சாதாரண கோர்ட்ல நிறுத்தவும் இல்லை.

ராணுவம் சும்மா புடிக்குமான்னு கேட்டீங்கல்ல, போஸ்னியாவுல நடந்ததைப் பாருங்க. 2001 அக்டோபர்ல சரயேவோ அமெரிக்க தூதரகத்துக்கு குண்டு வைக்கப் பாத்தாங்கன்னு அல்ஜீரியாக்காரங்க ஆறு பேரை அரெஸ்ட் பண்ணாங்க. அதுல லக்தர் பூமெதியன்ங்கறவர் செம்பிறைச் சங்கத்துல (செஞ்சிலுவை மாதிரி உதவி அமைப்பு) அனாதைக் குழந்தைகளுக்காக வேலை பாத்தவர். மாசக்கணக்கா விசாரிச்சும் ஒண்ணும் சிக்கலை, 2002 ஜனவரியில அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே விடுதலை பண்ணுன்னு சொல்லிடுச்சு. வீட்டுக்கா போனாங்க? அப்படியே அமெரிக்காக்காரன் கையில ஒப்படைச்சாங்க, அங்கேருந்து நேரா குவாண்டனாமோ.

2004ல இவங்க எதிரிப் படை ஆளா இல்லையான்னு முடிவு பண்ண ராணுவம் ஒரு விசாரணைக் குழு வச்சுது. மூணு அதிகாரிங்க உக்காந்திருப்பாங்க, கைதிக்கு வக்கீல் கிடையாது, ரகசிய ஃபைலைக் காட்டவே மாட்டாங்க. அந்த ஆறு பேர்ல முஸ்தபா ஐத் இதிர்னு ஒருத்தர். போஸ்னியாவுல அல்-கொய்தா ஆள் ஒருத்தனோட பழகினார்ங்கறது அவர் மேல குற்றச்சாட்டு. "அவன் பேரைச் சொல்லுங்க"ன்னார். தலைமை அதிகாரி "எனக்குத் தெரியாது"ன்னார். அப்ப நான் இதுக்கு எப்படி பதில் சொல்றதுன்னு கேட்டார் அந்த மனுஷன். பேசிட்டே போகப் போக ஒரு கட்டத்துல அறையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்கன்னு ராணுவத்தோட பதிவுலயே இருக்கு, 2005ல ஜாய்ஸ் கிரீன்ங்கற நீதிபதி இந்த உரையாடலை தன் தீர்ப்புல எடுத்துப் போட்டாங்க. சிரிச்சு முடிச்சு அவரை மறுபடி செல்லுக்குள்ள அனுப்பிட்டாங்க. இதைப் படிச்சப்புறம் எனக்கு தூக்கமே வரலை சார்.

2008 ஜூன்ல பூமெதியன் வழக்குலதான் இவங்களும் அமெரிக்க கோர்ட்டுக்குப் போகலாம்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிக்கு நாலு நீதிபதிங்கற கணக்குல சொன்னுச்சு. நவம்பர்ல புஷ் நியமிச்ச நீதிபதி ரிச்சர்ட் லியோன் ஃபைலைத் திறந்து பாக்கறார், தூதரக குண்டு கதையை அரசாங்கமே அதுக்குள்ள கைவிட்டாச்சு, மிச்சம் இருந்ததும் ஊர் பேர் தெரியாத ஒரே ஒருத்தன் சொன்ன தகவலை நம்பி. ஆறுல அஞ்சு பேரை விடச் சொல்லிட்டார். அதுக்குள்ள ஏழு வருஷம் போயிடுச்சு, பூமெதியன் உண்ணாவிரதம் இருந்து மூக்குல குழாய் விட்டு தினமும் உணவு ஏத்தின கொடுமையும் அதுல சேர்த்தி.

நியாயமான விசாரணை வேணும்னு கேட்டா ராணுவத்துக்கு அவமானம்னு நினைக்காதீங்க. பின்லேடனோட டிரைவர் ஹம்தானுக்காக சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2006ல ஜெயிச்ச சார்லஸ் ஸ்விஃப்ட் கடற்படை அதிகாரி, அப்புறம் ப்ரமோஷன் கிடைக்காம வேலையை விட்டு வந்தவர். கைதிங்க மேல கேஸ் நடத்த வேண்டிய மரீன் படை வக்கீல் ஸ்டூவர்ட் கவுச்சோட நண்பர் செப்டம்பர் 11ல மோதின விமானம் ஒண்ணுல துணை விமானி. அவ்வளவு இழப்பு இருந்தும், குவாண்டனாமோ கைதி முகமது ஸ்லாஹியை சித்திரவதை பண்ணி வாங்கின வாக்குமூலத்தை வச்சு நான் கேஸ் நடத்த மாட்டேன்னுட்டார். செத்தவங்க பக்கம் நிக்கறதுன்னா அவர் நின்ன மாதிரி நிக்கணும்.

தப்பிச்சுருவான்னு பயப்படறீங்க. செப்டம்பர் 11 சதி வழக்குல மாட்டின மொசாவி ராணுவ கோர்ட்ல இல்லை, சாதாரண சிவில் கோர்ட்லதான் நின்னான், 2006லயே ஆயுள் தண்டனை, செத்தவங்க குடும்பத்துக்காரங்க அங்க வந்து நேர்ல சாட்சியும் சொன்னாங்க. ஷூவுல வெடி வச்சுட்டு விமானம் ஏறின ரிச்சர்ட் ரீடுக்கும் 2003ல ஆயுள். ஆனா முக்கிய குற்றவாளின்னு சொல்ற காலித் ஷேக் முகமது? 2003ல சிக்கினான், அந்த மார்ச் மாசம் மட்டும் 183 தடவை முகத்துல தண்ணி ஊத்தி மூச்சு முட்ட வச்சாங்க, அப்படி வாங்கினதுல எது கோர்ட்ல செல்லும் எது செல்லாதுங்கற சண்டையிலயே வருஷக்கணக்கா போச்சு. 2024ல குற்றத்தை ஒத்துக்கறேன்னு ஒப்பந்தம் போட்டான், ரெண்டே நாள்ல பாதுகாப்பு அமைச்சர் ரத்து பண்ணிட்டார், 2025 ஜூலையில மேல்முறையீட்டு கோர்ட்டும் அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னுடுச்சு. அந்தக் குடும்பங்கள்ல தீர்ப்பைப் பாக்காமலே பெத்தவங்க பலர் போய்ச் சேந்துட்டாங்க. அவங்களுக்கு நியாயம் கிடைக்காம பண்ணினது வக்கீலும் கோர்ட்டும் இல்லை சார், வக்கீலும் கோர்ட்டும் வேண்டாம்னு சொன்னவங்கதான்.